கட்டளையுரிமை: ‘அட்மின் பவர்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, கல்லூரிக் கணினி ஆய்வகங்களில் இந்தப் பேச்சுக்கும் பஞ்சமில்லை: “அண்ணாச்சி, அட்மின் பவர் கொஞ்சம் குடுங்க, பிரிண்டர் சர்வீஸை ஒருக்கா நிப்பாட்டி ஓட்டணும்.” ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி, ‘ரூட்’ என்ற முதன்மைக் கணக்கின் கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். இல்லையென்றால், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுத் தானே எழுந்து வருவார். கேட்டவருக்கு வேண்டியது ஒரே ஒரு வேலை. கிடைப்பதோ, அந்தக் கணினியையே துடைத்து அழித்துவிடக்கூடிய அளவு அதிகாரம். அது இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. இந்தச் சிக்கலில் பாதி நாம் வழங்கும் சொல்லிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘பவர்’ என்று கேட்டால் முழுசாகத்தான் கேட்கத் தோன்றும், முழுசாகத்தான் கொடுக்கத் தோன்றும்.

முறையான தொடர் ‘அட்மினிஸ்ட்ரேட்டர் பிரிவிலேஜ்’. முதல் சொல்லில் பெரிய சிக்கல் இல்லை. லத்தீனில் ‘மினிஸ்டர்’ என்றால் பணியாள். ‘அட்மினிஸ்ட்ரரே’ என்றால் பணிவிடை செய்வது. அதிலிருந்து வந்தவர் அட்மினிஸ்ட்ரேட்டர். தமிழில் ‘நிர்வாகி’ என்கிறோம். வடசொல்தான், ஆனாலும் கிராம நிர்வாக அலுவலர் வரைக்கும் அது ஊறிப் போய்விட்டது. அதை மாற்ற வேண்டிய அவசரம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது சொல்தான் முக்கியம். ‘பிரிவிலேஜ்’ என்பதன் மூலம் லத்தீனின் ‘பிரிவிலேகியும்’: தனி ஆளைக் குறிக்கும் ‘பிரீவஸ்’, சட்டத்தைக் குறிக்கும் ‘லெக்ஸ்’ இரண்டும் சேர்ந்தது. ஒரு தனி ஆளுக்கென்று, பெரும்பாலும் அவருக்கு எதிராக, இயற்றப்படும் சட்டம் என்பதே அதன் பழைய பொருள். ரோமானியர்களின் பன்னிரண்டு பலகைச் சட்டம் அப்படிப்பட்ட சட்டங்களைத் தடை செய்தது. பிற்பாடுதான் பொருள் திரும்பி, ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் தனி உரிமை என்று ஆனது.

தமிழில் இதற்குச் ‘சலுகை’ என்றும் ‘சிறப்புரிமை’ என்றும் எழுதுகிறார்கள். சலுகை இங்கே பொருந்தவே பொருந்தாது. மூத்த குடிமக்களுக்குப் பேருந்தில் கொடுப்பது சலுகை. வேலை செய்யவேண்டியவருக்கு அந்த வேலைக்கான வழியைத் திறந்துவிடுவது எப்படிச் சலுகை ஆகும்? சிறப்புரிமை பரவாயில்லை. ஆனால் அதில் உரிமை ஆளோடு ஒட்டிக்கொள்கிறது, அவர் ஏதோ உயர்ந்தவர் என்பதுபோல. நம் சட்டமன்றத்தார் இதில் தெளிவாக இருந்திருக்கிறார்கள்: அங்கே பிரிவிலேஜ் என்பது வெறும் ‘உரிமை’தான். உரிமைக் குழு, உரிமை மீறல் என்றே சொல்கிறோம், யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. ஆகவே ‘உரிமை’யை வைத்துக்கொள்வோம். எதன்மேல் உரிமை என்பதுதான் மிச்சக் கேள்வி.

அதற்குப் பதில் சூடோ என்ற சின்ன நிரலுக்குள் இருக்கிறது. யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் எல்லாம் செய்ய வல்ல கணக்கு ‘ரூட்’; அதற்கு ‘சூப்பர் யூசர்’ என்றும் பெயர். சாதாரணப் பயனர் ஒருவர் ரூட்டாக மாறிக்கொள்ள ‘சு’ என்ற கட்டளை, 1971இல் வந்த யுனிக்ஸ் முதல் பதிப்புக் கையேட்டிலேயே இருக்கிறது. ஆனால் அதில் ஒரு குறை: மாறினால் முழு ரூட்டாகத்தான் மாற முடியும், ரூட்டின் கடவுச்சொல்லும் தெரிந்திருக்க வேண்டும். துண்டுச் சீட்டு வழக்கம் அங்கிருந்து வந்ததுதான். 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ நகரில், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறையில் பாப் காக்ஷால், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இருவர் இதற்கு மாற்றாகச் சூடோவை எழுதினார்கள். ‘சூப்பர்யூசர் டூ’ என்பதன் சுருக்கம் அது: பெரிய பயனராக நின்று இதைச் செய் என்று பொருள். பின்னால் ரூட் மட்டுமல்லாமல் வேறு எந்தப் பயனராகவும் நின்று செய்யலாம் என்று ஆனதும் ‘சப்ஸ்டிட்யூட் யூசர் டூ’ என்று விரித்துச் சொல்லத் தொடங்கினார்கள். பிறப்பை வைத்துப் பார்த்தால் உச்சரிப்பு ‘சூடூ’ என்று வரவேண்டும். ஆனால் ‘சூடோ’ என்பதே எங்கும் பரவிவிட்டது, நானும் அப்படியே எழுதுகிறேன்.

அதே 1980இல் தமிழ்நாட்டில் வழிவழியாக வந்த கர்ணம், கிராம முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. தகப்பனுக்குப் பின் மகன் என்று குடும்பத்தில் இருந்த உரிமை, அரசு நியமித்து அரசே மாற்றக்கூடிய பணியாக மாறியது. சூடோவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் உரிமை ஆளிடம் ஒட்டியிருப்பதா, ஏட்டில் எழுதி வைப்பதா என்பதே இரண்டிலும் கேள்வி. திருநெல்வேலிச் சீமையில் கர்ணத்தின் வீட்டுத் திண்ணையில் காத்திருந்த தலைமுறைக்கு அந்த வேறுபாட்டை யாரும் விளக்கவேண்டியதில்லை.

சரி, சூடோ கொடுப்பது என்ன? ஓர் ஆளுக்கு, ஒரு கணினியில், ஒரு கட்டளையை, இன்னாராக நின்று ஓட்டும் உரிமை. கடவுச்சொல் கேட்கும்போது ரூட்டின் கடவுச்சொல்லைக் கேட்காது, ஓட்டுபவரின் சொந்தக் கடவுச்சொல்லையே கேட்கும். யார் எந்தக் கட்டளையை எப்போது ஓட்டினார் என்று பதிவேட்டில் குறித்தும் வைக்கும். ‘கமாண்ட்’ என்பதற்குக் கணினித் தமிழில் ‘கட்டளை’ என்ற சொல் முன்பே நிலைத்துவிட்டது. கட்டளை வரி என்று எல்லோரும் எழுதுகிறோம். ஆகவே நான் முன்வைக்கும் சொல் ‘கட்டளையுரிமை’.

இந்தச் சொல் நெல்லைக்காரர்களுக்கு இன்னொரு விதத்திலும் பொருந்தும். நெல்லையப்பர் கோயிலாகட்டும், தாமிரபரணிக் கரையில் பாபநாசத்திலிருந்து இறங்கி வரும் வேறு கோயில்களாகட்டும், ‘கட்டளை’ என்றால் குறிப்பிட்ட ஒரு பூசைக்கோ ஒரு நாள் திருவிழாவுக்கோ எழுதிவைத்த அறம். கட்டளைதாரருக்கு அன்றைக்கு, அந்த வழிபாட்டில் உரிமை உண்டு. அதற்காகக் கோயில் சாவிக்கொத்து அவர் இடுப்புக்கு வந்துவிடாது. மறுநாள் மண்டகப்படி வேறொருவருடையது. சூடோ விதி ஒன்றை எழுதும்போது நாம் செய்வதும் அச்சாக இதுதான். ‘ஏவலுரிமை’ என்று ஒரு நண்பர் சொல்லிப் பார்த்தார். இலக்கணத்தில் ஏவல் வினை இருப்பதால் அழகான சொல்தான். ஆனால் நம் பக்கத்தில் ஏவல் என்றால் பில்லி சூனியம் முதலில் நினைவுக்கு வரும், அதனால் அதை விட்டுவிட்டேன்.

அடுத்து, உரிமையை எங்கே எழுதி வைப்பது? சூடோ தன் விதிகளை ஒவ்வொரு கணினியிலும் ‘சூடோயர்ஸ்’ என்ற கோப்பில் வைத்திருக்கும். ஐந்து கணினி என்றால் சமாளிக்கலாம். நூறு கணினி இருந்து, ஓர் ஆள் வேலையை விட்டுப் போனால் நூறு இடத்தில் அவர் பெயரை அடிக்க வேண்டும். ஏதாவது ஒன்றில் விட்டுப்போகும். ஆகவே விதிகளை வலையமைப்பில் ஓரிடத்தில் வைத்து எல்லாக் கணினிகளும் அங்கே கேட்டுக்கொள்ளும்படி செய்வார்கள். அந்த இடத்துக்குப் பெயர் ‘டைரக்டரி சர்வீஸ்’.

‘டைரக்டரி’யும் லத்தீனில் வழிகாட்டு என்பதிலிருந்து வந்தது. நமக்கு அது தொலைபேசி டைரக்டரியாகத்தான் அறிமுகம். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1878இல் வெளியான முதல் தொலைபேசிப் பட்டியல் ஒரே ஒரு தாள். 50 இணைப்புகளின் பெயர்கள் இருந்தன, எண்கள் கிடையாது. இணைப்பகத்தில் இருப்பவரிடம் பெயரைச் சொன்னால் போதும். கணினி டைரக்டரியும் தொலைத்தொடர்புக்காரர்களின் குழந்தைதான். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு அமைப்பு 1988இல் எக்ஸ்.500 என்ற தரத்தை வெளியிட்டது. அது பெரிய உருப்படி, சாதாரணக் கணினிகளால் சுமக்க முடியவில்லை. அதை இலகுவாக்கி 1993இல் வந்ததே எல்டேப். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹவ்ஸ் அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். ‘இலகு அடைவு அணுகு நெறிமுறை’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம்.

‘அடைவு’ என்ற சொல்லை நான் எடுப்பதற்குக் காரணம் உண்டு. சொல்லடைவு, நூலடைவு என்று, தேடி எடுப்பதற்கென்றே ஒழுங்காக அடுக்கிய பட்டியலுக்கு அந்தச் சொல் நம்மிடம் இருக்கிறது. எல்டேப்பும் அப்படித்தான்: எழுதுவது அபூர்வம், தேடுவது ஓயாமல் நடக்கும். அம்பாசமுத்திரத்து விவசாயி ஒருவரைக் கேட்டால் ‘அடங்கல்’ என்று சொல்வார். புல எண்வாரியாக யார் சாகுபடி, என்ன பயிர் என்று எல்லாம் அடங்கிய கிராமக் கணக்கு அது. எனக்கும் அந்தச் சொல்மேல் ஆசை உண்டு. ஆனால் வருவாய்த் துறை அதற்கு ஏற்கெனவே உறுதியான ஒரு பொருள் கொடுத்துவிட்டது, அதைக் கலைப்பது நல்லதில்லை. எனவே ‘அடைவுச் சேவை’ போதும். ‘ஃபோல்டர்’ என்பதற்கும் சிலர் அடைவு என்கிறார்கள்; அதைக் கோப்புறை என்று பிரித்துவிட்டால் மோதல் தீர்ந்தது.

அடைவில் ஒரு கட்டளையுரிமை எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். களப் பெயர்கள் மூலத்தில் உள்ளவை, தமிழ் எழுத்தில் தருகிறேன்:

சிஎன்: பிரிண்டர்-மறுதொடக்கம்
சூடோயூசர்: %ஆய்வக-உதவியாளர்
சூடோஹோஸ்ட்: ஆய்வகம்-2
சூடோரன்ஆஸ்யூசர்: ரூட்
சூடோகமாண்ட்: /யூஎஸ்ஆர்/பின்/சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் கப்ஸ்
சூடோநாட்ஆஃப்டர்: 20260430183000இசட்

முதல் வரி விதியின் பெயர். இரண்டாம் வரியின் % குறி, இது தனி ஆளுக்கு இல்லை, ஒரு குழுவுக்கு என்று சொல்கிறது. புதிதாக ஒருவர் சேர்ந்தால் விதியைத் தொடவேண்டாம், குழுவில் பெயரைச் சேர்த்தால் போதும். நான்காம் வரி, யாராக நின்று என்பது. ஐந்தாம் வரியில் முழுப் பாதையும், மறுதொடக்கம் என்ற சொல்லும், அச்சுச் சேவையின் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. இதைத் தவிர வேறு சேவையை அவர் தொட முடியாது. கடைசி வரி, உரிமை முடியும் நேரம். இசட் என்பது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் கணக்கில் ஏப்ரல் 30 முடிந்து மே 1 பிறக்கும் நள்ளிரவு. இந்தக் காலக் கெடு வேலை செய்ய அமைப்பில் அதற்கென்று ஒரு விருப்பத்தேர்வை இயக்க வேண்டும்; இயல்பாக அது அணைந்தே இருக்கும். அதைக் கவனிக்காமல் தேதி மட்டும் எழுதினால், தேதி முடிந்த பிறகும் உரிமை தொடரும்.

ஐந்தாம் வரியில் எதை எழுதுகிறோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். கோப்பைத் திருத்தட்டுமே என்று விஐ திருத்தியை ரூட்டாக ஓட்ட உரிமை கொடுத்தால், அதற்குள் இருந்தபடியே ஒரு ஷெல்லை, அதாவது எந்தக் கட்டளையையும் வாங்கி ஓட்டும் நிரலை, திறந்துகொள்ளலாம். முழு ரூட்டும் கைக்கு வந்துவிடும். ‘எல்லாக் கட்டளையும் சரி, இந்த நாலு மட்டும் கூடாது’ என்று விலக்கி எழுதுவதும் பயன்படாது. அந்த நாலை வேறு பெயரில் நகலெடுத்து ஓட்டிவிடலாம். எது கூடும் என்று மட்டும் எழுத வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. “யாருக்கு என்ன உரிமை என்பது ரகசியமா, அதை ஏன் மறையாக்கம் செய்து அனுப்ப வேண்டும்?” என்று கேட்பார்கள். மற்றவர் படிப்பது மட்டும் பயம் இல்லை, பொய்யாக எழுதுவதுதான் பெரிய பயம். வலையமைப்பின் நடுவே ஒருவன் உட்கார்ந்து, அடைவு பேசுவதுபோலத் தானே பதில் சொன்னால், ‘இவனுக்கு எல்லாக் கட்டளையும் உண்டு’ என்று அவனே ஒரு விதி கொடுக்கலாம், கணினியும் நம்பிவிடும். எல்டேப்பின் வழக்கமான 389ஆம் வாயிலில் (போர்ட்) ‘ஸ்டார்ட் டிஎல்எஸ்’ போட்டு இணைப்பை மறையாக்குவதும், 636ஆம் வாயிலில் தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் பேசுவதும் இதற்காகத்தான். போட்டால் மட்டும் போதாது, வழங்கியின் சான்றிதழைக் கணினி கட்டாயம் சரிபார்க்க வேண்டும். சான்றிதழ்ப் பிழை வருகிறது என்று சரிபார்ப்பையே அணைத்து வைத்தால், கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியை அதிலேயே விட்டதாக ஆகும்.

அப்புறம், இணைப்பு அறுந்தால்? விதிகளை ஒவ்வொரு கணினியிலும் தற்காலிகமாகச் சேமித்து வைக்க எஸ்எஸ்எஸ்டி என்ற சேவை இருக்கிறது. அதன் இயல்பு அமைப்பில் புதிய விதிகளும் மாறிய விதிகளும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து சேரும். முழுப் பட்டியலையும் புதிதாக எடுப்பது 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. சேர்ப்பது சட்டென்று தெரிவதுபோல நீக்குவது சட்டென்று தெரியாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒருவரை உடனே நிறுத்த வேண்டுமென்றால் விதியை அழித்துவிட்டுக் காத்திருக்காமல் அவர் கணக்கையே பூட்ட வேண்டும். அடைவே கிடைக்காத நாளுக்காக, அந்தந்தக் கணினியின் உள்ளூர்க் கோப்பில் ஒரே ஒரு மீட்புக் கணக்கு இருக்கட்டும்.

இனி இந்தச் சொல்லை எழுத்தில் எப்படி வழங்கலாம் என்று ஒரு மாதிரி. துறைத் தலைவருக்கு அனுப்பும் குறிப்பில், ‘அட்மின் ஆக்சஸ் தரப்படுகிறது’ என்று மொட்டையாக எழுதாமல் இப்படி எழுதலாம்: “இரண்டாம் ஆய்வகக் கணினியில் அச்சுச் சேவையை மறுதொடக்கம் செய்யும் கட்டளையுரிமை, ஆய்வக உதவியாளர் குழுவுக்கு ஏப்ரல் 30 வரை அடைவில் பதியப்பட்டுள்ளது. நீட்டிப்பு வேண்டுமென்றால் கெடு முடியுமுன் தெரிவிக்கவும்.”