எக்செல்லில் நிரையும் நிரலும் இடம் மாறும்போது

மதிப்பெண் பட்டியலில் மாணவர் பெயர்கள் கீழ்நோக்கி ஒரு நிரலாகவும் (column) பாடங்கள் பக்கவாட்டில் ஒரு நிரையாகவும் (row) இருக்கின்றன. அதை அப்படியே மாற்றிக் கேட்கிறார்கள். எக்செல்லில் பட்டியலைக் காப்பி செய்து, காலி இடத்தில் பேஸ்ட் ஸ்பெஷல் போய், டிரான்ஸ்போஸை டிக் செய்தால் வேலை முடிந்தது.

பலர் இதைத் தாளைத் திருப்புவதாக நினைக்கிறார்கள். அப்படி வலப்பக்கமாகத் திருப்பினால் மேல் நிரை வலது ஓரத்துக்குப் போய்விடும். இங்கே நடப்பது முகவரி மாற்றம் மட்டுமே. 2-ஆம் நிரை, 4-ஆம் நிரலில் இருந்த எண், 4-ஆம் நிரை, 2-ஆம் நிரலுக்குப் போகிறது. நிரை எண்ணும் நிரல் எண்ணும் ஒன்றாக உள்ள செல்கள் (கட்டங்கள்) பட்டியலுக்குள் இருந்த இடத்திலேயே இருக்கும். பள்ளிக் கணக்கில் படித்த நிரை நிரல் மாற்று அணிதான் இது.

எண்கள் சரி, சூத்திரங்கள்? டி2-இல் பி2, சி2 இரண்டையும் கூட்டும் சூத்திரம் இருக்கிறது என்று வையுங்கள். எக்செல் அதை ‘இடப்பக்கம் இரண்டாவது செல், இடப்பக்கம் முதல் செல்’ என்று தூரக்கணக்கில் புரிந்துகொள்கிறது. இடம் மாறியதும் இடப்பக்கம் என்பது மேல்பக்கம் ஆகிறது. கூட்டல் ஒழுங்காக வருகிறது. தொல்லை எங்கே என்றால், சூத்திரம் பட்டியலுக்கு வெளியே உள்ள ஒரு செல்லைத் தொடும்போது. அந்தத் தூரமும் சேர்ந்து திரும்பி, சம்பந்தமில்லாத செல்லில் போய் நிற்கும். எண் தப்பாக வந்தாலும் எச்சரிக்கை வராது என்பதுதான் மோசம். முன்கூட்டியே டாலர் குறி போட்டு ($F$1 என்பதுபோல) அந்த முகவரியைப் பூட்டிவிடுங்கள்.

இன்னொன்று, எக்செல் தாள் சதுரம் இல்லை. நிரைகள் 10,48,576, நிரல்கள் வெறும் 16,384. ஆகவே 20,000 பெயர்களைப் பக்கவாட்டில் படுக்க வைக்க முடியாது.

மூலப் பட்டியல் மாறினால் இடம் மாற்றிய பட்டியலும் மாற வேண்டுமா? அப்போது பேஸ்ட் வேண்டாம், டிரான்ஸ்போஸ் என்ற பங்ஷனையே எழுதலாம். காலி செல்களை அது 0 என்று காட்டும். தேர்வு எழுதாதவர் பூஜ்யம் வாங்கியவராகிவிடுவார், கவனம்.

பைத்தான் என்ற கணினி மொழியில் எண் பட்டியல்களைக் கையாளும் நம்பை (NumPy) நூலகம் இன்னும் சாமர்த்தியமானது. இப்படி இடம் மாற்றும்போது அது நினைவகத்தில் எந்த எண்ணையும் நகர்த்துவதே இல்லை. அடுத்த நிரைக்கு எத்தனை பைட் தாவ வேண்டும், அடுத்த நிரலுக்கு எத்தனை பைட் என்ற இரண்டு குறிப்புகளை மட்டும் மாற்றிக்கொள்கிறது. அதனால் கோடி எண்கள் இருந்தாலும் அதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான்.