ஸ்ட்ருக்டூர்வாண்டல்: மாறியதா, மாற்றினார்களா?

போன மாதம் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஜெர்மனியைப் பற்றிய ஓர் ஆவணப்படம் பார்த்துக்கொண்டிருந்தோம். தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். மேற்கே கரிக்கும் எஃகுக்கும் பேர்போன ரூர் வட்டாரம், அங்கே எஸ்ஸன் நகரத்தின் ஸோல்ஃபெராயின் நிலக்கரிச் சுரங்கம், அதன் மேலே நிற்கும் அந்தப் பெரிய இரும்புக் கோபுரம் எல்லாம் காட்டிவிட்டு, “கட்டமைப்பு மாற்றத்தின் மூலம் ரூர் பிரதேசம் புத்துயிர் பெற்றது” என்றது குரல். சித்தப்பா என் பக்கம் திரும்பி, “அப்ப நிறையப் பாலம், ரோடெல்லாம் போட்டாங்களா?” என்று கேட்டார்.

சித்தப்பா நாற்பது வருடம் லாரி ஷெட்டில் கணக்கு எழுதியவர். தினமும் பேப்பரைக் கடைசிப் பக்கம்வரை படிப்பவர். அவருக்கே புரியவில்லை என்றால் கோளாறு அவரிடம் இல்லை. இந்தக் ‘கட்டமைப்பு மாற்ற’த்தை நான் எத்தனை இடத்தில்தான் சகித்துக்கொள்வது? செய்தியில், கட்டுரையில், கருத்தரங்க மேடையில், இப்போது வரவேற்பறையிலும் வந்துவிட்டது.

மூலச்சொல் ஜெர்மன்: ஸ்ட்ருக்டூர்வாண்டல். முன்பாதி ‘ஸ்ட்ருக்டூர்’ லத்தீனிலிருந்து வந்தது. அடுக்குதல், கட்டுதல் என்ற பொருளுள்ள வினையடியாகப் பிறந்தது. பின்பாதி ‘வாண்டல்’ அசல் ஜெர்மன். திரும்புதல், மாறுதல், உலாவுதல் என்று அதற்குப் பல முகம். காலநிலை மாற்றத்தையும் அவர்கள் ‘கிளிமாவாண்டல்’ என்றுதான் சொல்கிறார்கள். ஒரு நாடோ ஒரு வட்டாரமோ எந்தெந்தத் தொழிலால் பிழைக்கிறது, அந்தப் பங்கு எப்படி இடம் மாறுகிறது என்பதுதான் பொருளியலில் இந்தக் கூட்டுச்சொல்லின் பொருள். வயலிலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து கடைக்கும் அலுவலகத்துக்கும் ஆட்கள் நகர்வதைப் பற்றி ஃபிஷர், கிளார்க் போன்ற பொருளியலாளர்கள் 1930களிலும் 40களிலும் எழுதினார்கள். சொல் வரலாறு இவ்வளவு போதும்.

ஆனால் ரூர் வட்டாரத்தில் இது பொருளியல் புத்தகத்துச் சொல் அல்ல, டீக்கடைச் சொல். காரணம் 1958. அதற்கு முந்தைய வருடம் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 6 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள், பெரும்பாலோர் ரூரில். 1958 இல் கரி விற்காமல் தேங்க ஆரம்பித்தது. மலிவான எண்ணெயும் இறக்குமதிக் கரியும் வந்துவிட்டன. அதிலிருந்து கடைசிச் சுரங்கமான பாட்ரோப் நகரத்து ப்ராஸ்பர் ஹானியல் 2018 டிசம்பர் 21 அன்று மூடப்படும்வரை அறுபது ஆண்டுகள். அன்று வெட்டியெடுத்த கடைசிக் கரிக்கட்டியை அதிபர் ஸ்டைன்மையர் கையில் கொடுத்தார்கள். அந்த அறுபது ஆண்டுகளுக்கும் சேர்த்து அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் ஒற்றைச் சொல்தான் ஸ்ட்ருக்டூர்வாண்டல்.

சரி, ‘கட்டமைப்பு மாற்றம்’ என்றால் என்ன கெட்டுப்போயிற்று? மூன்று கெட்டுப்போயிற்று.

முதலாவது சித்தப்பாவின் பாலம். ‘உட்கட்டமைப்பு’, ‘அடிப்படைக் கட்டமைப்பு’ என்று சாலை, மின்சாரம், குடிநீரைப் பற்றியே முப்பது நாற்பது வருடமாக எழுதி எழுதி, ‘கட்டமைப்பு’ என்றாலே சிமெண்ட் மூட்டை கண்முன் வரும்படி பழக்கிவிட்டோம். அந்தச் சொல்லையே கொண்டுவந்து ‘ஊர் எதனால் பிழைக்கிறது’ என்ற பொருளில் வைத்தால் யாருக்கு விளங்கும்?

இரண்டாவது கோளாறு இதைவிடப் பெரியது. பன்னாட்டு நாணய நிதியம் கடன் கொடுக்கும்போது விதிக்கும் நிபந்தனைகளுக்கும் நாம் ‘கட்டமைப்புச் சீர்திருத்தம்’, ‘கட்டமைப்பு மாற்றம்’ என்று இதே ஜாடையில் பேர் வைத்திருக்கிறோம். இலங்கை வாசகரிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். அவர் நினைவுக்கு வருவது மின்கட்டணமும் வரியும் ஏறியதுதான். அங்கே அரசு கையைச் சுருக்க வேண்டும் என்பது பேச்சு. ரூரில் நடந்தது நேரெதிர்: அரசு கையை நீட்டியது, அதுவும் தலைமுறை தலைமுறையாக. எதிரெதிரான இரண்டு காரியத்துக்கும் ஒரே சட்டையைப் போட்டுவிட்டால் வாசகர் ஆளை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பார்? மறுசீரமைப்பு என்று மாற்றிப்போட்டாலும் தப்பிக்க முடியாது. அதைக் ‘கடன் மறுசீரமைப்பு’ பிடித்துக்கொண்டது. கம்பெனிக்காரர்களோ ஆட்குறைப்புக்கு நாசூக்கான பேராக அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

மூன்றாவதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் ஒரு நண்பர். யாழ்ப்பாணத்துக்காரர், டோர்ட்மண்டில் பல வருடமாக இருக்கிறார். ரூர் வட்டாரத்தில் ஈழத்தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அதன் கிழக்கு ஓரத்தில், ஹாம் நகரத்துத் தொழிற்பேட்டைக்குள் எழுந்த காமாட்சி அம்மன் கோயிலின் தேர் ஐரோப்பாத் தமிழர்கள் பலருக்கும் தெரிந்தது. அந்த நண்பரிடம், “உங்க ஊர் மாறினதை நீங்க தமிழ்ல என்னன்னு சொல்வீங்க?” என்று கேட்டேன். அவர் சொன்னது: “தானா மாறேல்லை அண்ணை, மாத்தினவங்கள்.”

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்தோமே: பந்து உருண்டது, பந்தை உருட்டினான். மாறு, மாற்று. தமிழ் இவ்வளவு சுலபமாகக் கொடுத்திருக்கும் வசதியை ‘மாற்றம்’ என்ற பெயர்ச்சொல் விழுங்கிவிடுகிறது. மாறியதும் மாற்றம், மாற்றியதும் மாற்றம். யார் செய்தது, யார் காசு என்ற கேள்வி வாக்கியத்திலிருந்து காணாமல் போகிறது. ஜெர்மன் ‘வாண்டல்’ சொல்லுக்கும் அந்தக் குணம் உண்டு. பருவம் மாறுவதுபோல, காற்று திரும்புவதுபோலத் தானாக நடக்கும் என்ற சாயல். அந்த ஊர் அரசியல்வாதிகளுக்கு அது வசதி. தமிழில் எழுதுகிறவர் அந்த வசதியை ஏன் அவர்களுக்குச் செய்துகொடுக்க வேண்டும்?

எது தானாக மாறியது, எதை மாற்றினார்கள் என்று பிரித்துப் பார்ப்போம். கரி விலை போகாதது, எஃகு ஆலைகள் நொடித்தது எல்லாம் மாறியவை. மற்றது பெரும்பாலும் மாற்றியவை. கரியும் இரும்பும் கோலோச்சிய காலம் முழுக்க ரூரில் ஒரு பல்கலைக்கழகம்கூட இல்லை. போகுமில் 1965 இல் முதலாவதைத் திறந்தது அரசு. டோர்ட்மண்ட், எஸ்ஸன், டூயிஸ்பர்க் என்று அடுத்த பத்து வருடத்துக்குள் வரிசையாக வந்தன. ஸோல்ஃபெராயின் 1986 டிசம்பரில் மூடியதும் அதை இடித்துப் பழைய இரும்புக்கு விற்காமல் மாநில அரசே வாங்கிப்போட்டது. 2001 இல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். டூயிஸ்பர்கில் 1985 இல் நின்றுபோன இரும்பு ஆலை இன்று பூங்கா. அங்கே இருந்த வாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்குளிப்புப் பயிற்சி நடக்கிறது. 1989 முதல் 1999 வரை கார்ல் கான்ஸர் தலைமையில் நடந்த ‘எம்ஷர் பூங்கா’ திட்டத்தின் பலன்களில் அதுவும் ஒன்று.

எம்ஷர் ஆற்றின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கீழே கரியை வெட்ட வெட்ட மேலே நிலம் இறங்கிக்கொண்டே இருந்தது. பூமிக்கடியில் சாக்கடைக் குழாய் பதித்தால் உடைந்துவிடும். அதனால் ஆற்றையே திறந்த சாக்கடையாக்கி, கான்கிரீட் வாய்க்காலில் ஓடவிட்டார்கள். நூறு வருடம் அப்படியே ஓடியது. சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து நிலம் அசைவதை நிறுத்திய பிறகு 1992 இல் வேலை தொடங்கி, கழிவுநீருக்குத் தனிக் குழாய் பதித்து, 2021 முடிவில் ஆற்றைச் சாக்கடையிலிருந்து மீட்டார்கள். செலவு சுமார் 550 கோடி யூரோ. இத்தனையும் செய்த பிறகு “மாற்றம் நடந்தது” என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறோம். என்னவோ மழை பெய்தது மாதிரி!

இப்போது அந்தக் குரலின் இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன்: ‘புத்துயிர்’. எனக்கு இதன்மேல்தான் அதிகக் கோபம். புத்துயிர் பெறுவது என்றால் செத்துக் கிடந்தது எழுந்து உட்கார வேண்டும், அதே உடம்போடு. ரூரில் எழுந்தது அதே உடம்பா? டோர்ட்மண்டின் ஹோர்டே பகுதியில் ஃபீனிக்ஸ் எஃகு ஆலை 2001 இல் மூடியது. சீனாவிலிருந்து ஆட்கள் வந்து ஆலையைக் கழற்றிக் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். குழியில் 2010 இல் தண்ணீர் விட்டு ஏரியாக்கினார்கள். கரையில் விலையேறிய வீடுகள். ஆலையின் உடம்பு சீனாவுக்கே போயிற்று, இங்கே படகு ஓடுகிறது. இதில் உயிர்த்தது எது? போகுமில் மூடிய சுரங்கத்தின் நிலத்தில் 1962 இல் ஓப்பல் கார் ஆலை வந்தது. மாற்றுத் தொழிலுக்கு அப்போது அதுதான் பெருமைக்குரிய உதாரணம். 2014 இல் அதுவும் மூடியது. இப்போது அங்கே டிஹெச்எல் பார்சல் நிலையமும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களும். அரசு மானியம் வாங்கிக்கொண்டு போகுமில் ஆலை நடத்திய நோக்கியா 2008 இல் மூட்டையைக் கட்டி ருமேனியாவுக்குப் போனது. வேலையில்லாதோர் விகிதத்தில் கெல்சன்கிர்ஷன் நகரம் ஜெர்மனியிலேயே முன்வரிசையில் நிற்கிறது. ‘புத்துயிர்’ என்ற சொல் இதையெல்லாம் பூச்சூடி மறைத்துவிடுகிறது. ‘மறுமலர்ச்சி’யும் அப்படித்தான். இரண்டும் திறப்பு விழா அழைப்பிதழுக்கு ஏற்றவை.

புத்துயிர்க்காரர்கள் கணக்கில் சேர்க்காத ஒன்றும் இருக்கிறது. இறங்கிப்போன நிலத்தில் தண்ணீர் தேங்காமலிருக்க, சுரங்கநீர் குடிநீரோடு கலக்காமலிருக்க, பம்புகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து வருடம், நூறு வருடம் என்று கெடு கிடையாது, என்றென்றைக்கும். ஜெர்மன்காரர்கள் இதை ஒளிக்காமல் ‘நித்தியச் செலவு’ என்றே சொல்கிறார்கள். அதில் பெரும்பங்கைக் கட்டுவதற்காகவே 2007 இல் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். நித்தியத்துக்கும் பம்பு போட வேண்டிய உடம்பைப் பார்த்துப் புத்துயிர் என்று சொல்ல எனக்கு நா வரவில்லை.

அப்புறம் என்னதான் சொல்வது? நான் இரண்டு சொல்லாகப் பிரிக்கிறேன். தானாக நடக்கும் பாதிக்கு ‘தொழிலமைப்பு மாறுதல்’. அரசு கைவைத்துச் செய்யும் பாதிக்கு ‘மாற்றுத் தொழிலாக்கம்’. தொழிலமைப்பு என்றதும் பாலம் நினைவுக்கு வராது. மாற்றுத் தொழிலாக்கத்தில் இரண்டு லாபம். ‘ஆக்கம்’ என்றதும் ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். ‘மாற்று’ நம்மூர் விவசாயியின் வாயில் ஏற்கெனவே இருக்கிறது: தண்ணீர் குறைந்தால் நெல்லை விட்டு மாற்றுப் பயிர் வைக்கிறார். நெல் புத்துயிர் பெற்றது என்று அவர் சொல்வதில்லை. “எதற்கு இரண்டு சொல், மூலத்தில் ஒன்றுதானே?” என்பவர்களுக்கு: மூலம் குழப்பினால் நாமும் குழப்ப வேண்டும் என்று சட்டமா? ஒரு சின்ன இடைஞ்சல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் ‘தொழில்துறை’ என்பதை இலங்கையில் ‘கைத்தொழில்’ என்பார்கள். ‘தொழில்’ என்றால் அங்கே பெரும்பாலும் வேலை, உத்தியோகம். தொழிலமைப்பை ‘யார் என்ன வேலை செய்கிறார்கள்’ என்று அவர்கள் எடுத்துக்கொண்டாலும் பொருள் பெரிதாகத் தவறாது. அந்த மட்டில் தப்பித்தேன்.

தனித்தமிழா கலப்பா என்ற சண்டை எனக்கு இல்லை. ‘கட்டமைப்பு மாற்றம்’ சுத்தமான தமிழ்தான், சுத்தமாகப் புரியாத தமிழ். மொழிபெயர்ப்பவர் இரண்டு அகராதிப் பொருளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்துபோய்விடுகிறார். அமெரிக்கத் தேர்தல் வந்தால் போதும், பென்சில்வேனியாவும் ஒஹையோவும் மிஷிகனும் ‘துருப்பிடித்த பெல்ட்’ ஆகிவிடுகின்றன. யார் இடுப்பில் கட்டியது அந்த பெல்ட்டை? நொடித்த ஆலை வட்டாரம் என்றால் முடிந்தது. ‘பொது முதலீடு’ இன்னொன்று. அதைக் கேட்டுப் பங்குச்சந்தையில் பொதுமக்கள் பணம் போடுவது என்று நினைத்த ஒரு பட்டதாரியை எனக்குத் தெரியும். அரசு முதலீடு என்று எழுதக் கை வலிக்குமா? அரசின் பணத்தைக் குறிக்க ஜெர்மனிலேயே ‘பொதுக் கை’ என்றொரு வழக்கு இருக்கிறது. அதைப் படித்த பிறகாவது, யார் கை என்று தமிழில் சொல்லத் தோன்ற வேண்டாமா?

இதில் என்னை நானே கொஞ்சம் மடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரூருக்குப் பிறகு இப்போது லவுசிட்ஸ், ரைன்லாந்து, மத்திய ஜெர்மனி ஆகிய பழுப்பு நிலக்கரி வட்டாரங்களின் முறை. 2020 இல் இதற்கென்று ஒரு சட்டம் போட்டு, 2038 வரை 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் பேரிலும் ‘ஸ்ட்ருக்டூர்’ இருக்கிறது. நம் ஆட்கள் அதைக் ‘கட்டமைப்பு வலுவூட்டல்’ என்று எழுதுவார்கள், நான் சண்டைக்குப் போவேன் என்று காத்திருந்தேன். பணம் எங்கே போகிறது என்று பார்த்தால், ஆய்வு நிலையங்களோடு ரயில் பாதையும் சாலையும் பட்டியலில் நிறைய. லவுசிட்ஸ் வட்டாரத்துக் கோட்புஸ் நகரத்தில் புது ரயில் பணிமனையின் முதல் கூடத்தை 2024 இல் திறந்தேவிட்டார்கள்.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். “நான் அன்னிக்கே கேட்டேனே, பாலம் போட்டாங்களான்னு” என்றார்.