குழந்தை நல்லாத்தானே இருக்கு, அப்புறம் எதுக்கு தட்டணும்?

இந்தக் கேள்வி வராத வீட்டை நான் பாத்ததே இல்ல. நான் குழந்தைங்களுக்கு நெஞ்சு பிசியோ, அதாவது நெஞ்சுக்கூட்டைத் தட்டி சளியை இளக்கி விடுற வேலை, பண்றவ, அதுலயும் சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ்னு, நுரையீரல்ல சளி பசை மாதிரி கெட்டியாகிற ஒரு பரம்பரை நோய் இருக்கிற கைக்குழந்தைங்க வீட்டாளுங்களுக்கு எப்படி தட்டணும்னு சொல்லிக் குடுக்கிறது பெரிய வேலை. ஒருதடவை மூணு மாசக் குழந்தைய மடியில போட்டு தட்டிக் காட்டிட்டு இருக்கேன், பின்னாடி நின்ன பாட்டி வந்து என் கைய புடிச்சுட்டாங்க. "ஏம்மா, பச்சப்புள்ளைய இப்படி அடிக்கிறியே, அது பாட்டுக்கு சிரிச்சுகிட்டுதானே இருக்கு?"ன்னு.

பாட்டி மேல தப்பே இல்ல. இருமல் இல்ல, இரைப்பு இல்ல, குழந்தை பொக்கை வாயோட சிரிக்குது. ஆனா இந்த நோய் அப்படித்தான் ஏமாத்தும். வெளிய ஒரு அறிகுறியும் தெரியாத கைக்குழந்தைங்க நுரையீரலை ஸ்கேன் பண்ணிப் பாத்தப்ப, சில பேருக்கு உள்ள பாதிப்பு ஏற்கனவே ஆரம்பிச்சிருக்குன்னு ஆராய்ச்சில தெரிஞ்சிருக்கு. அதனால நாங்க பண்றது வந்த நோய்க்கு வைத்தியம்னு நினைக்காதீங்க, சளி தேங்க விடாம பாத்துக்கிற வேலை. அடைச்ச கால்வாயைத் தோண்டுறத விட அடைக்காம பாத்துக்கிறது லேசு இல்லையா.

உடம்புல உப்பையும் தண்ணியையும் செல்லுக்கு உள்ள வெளிய அனுப்புற ஒரு கதவு இருக்கு, சி.எஃப்.டி.ஆர்.னு பேரு. அதுக்கான ஜீன் 7-வது குரோமோசோம்ல இருக்கு, 1989-ல கண்டுபிடிச்சாங்க. அந்தக் கதவு சரியா வேலை செய்யலைன்னா நுரையீரல்ல இருக்கிற சளி தண்ணி வத்திப்போய் பசை மாதிரி ஆயிடும், கணையத்துலேர்ந்து செரிமான நீர் வர்ற குழாயும் அடைச்சுக்கும், வியர்வைல உப்பு எக்கச்சக்கமா வெளிய போயிடும். குழந்தைய முத்தம் கொடுத்தா உப்புக் கரிக்குதுன்னு அம்மாக்கள் சொல்றது இதனாலதான். வியர்வைல குளோரைடு (உப்புல இருக்கிற ஒரு பொருள்) அளவு லிட்டருக்கு 60 மில்லிமோல் இல்ல அதுக்கு மேல வந்தா கிட்டத்தட்ட உறுதின்னு எடுத்துக்குவாங்க, சந்தேகம் இருந்தா ஜீன் டெஸ்ட்டும் பாப்பாங்க.

இன்னொன்னு, இது அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் ஒவ்வொரு பழுதான ஜீன் வந்தாதான் வரும். "உங்க வீட்டு ரத்தம்தான் இப்படி"ன்னு யாரும் யாரையும் கைநீட்ட முடியாது. ரெண்டு பேரும் நோயில்லாம சும்மா ஜீனை மட்டும் சுமக்கிறவங்களா இருந்தா, ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. அடுத்த குழந்தைக்கு பிளான் பண்றதுக்கு முன்னாடியே மரபணு ஆலோசனைக்குப் போயிடுங்க.

இப்ப உப்பு விஷயம். ஒரு வயசு வரைக்கும் குழந்தைக்கு உப்பு கூடாதுன்னு எல்லாரும் சொல்லித்தான் கேட்டிருப்போம், இங்க அது அப்படியே தலைகீழ். நியூயார்க்ல கடும் வெயில் அடிச்சப்ப சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைங்கள்ல நிறைய பேருக்கு இந்த நோய் இருந்ததை டாக்டர்கள் கவனிச்சாங்க, அந்த நூலைப் புடிச்சுட்டுப் போய்தான் 1953-ல வியர்வைல உப்பு அதிகம்ங்கிறதையே கண்டுபிடிச்சாங்க. தாய்ப்பால்லயும் சரி பால் பவுடர்லயும் சரி இந்தக் குழந்தைக்குப் பத்துற அளவு உப்பு கிடையாது. ஆறு மாசம் வரைக்கும் நாள் முழுக்க சேத்து டீஸ்பூன்ல எட்டுல ஒரு பங்கு, அப்புறம் கால் டீஸ்பூன், அதையும் பிரிச்சுப் பிரிச்சு பால்ல குடுக்கிறதுன்னு பரவலா ஒரு கணக்கு இருக்கு, ஆனா உங்க குழந்தைக்கு எவ்ளோன்னு உங்க டாக்டர்தான் சொல்லணும், கண்ணளவுல போடவே கூடாது. வெக்கை நாள்ல, காய்ச்சல், வாந்தி, பேதி இருக்கும்போது குழந்தை துவண்டு கிடந்தாலோ பால் குடிக்க மாட்டேன்னாலோ ஒன்னுக்கு போறது குறைஞ்சாலோ வீட்ல வச்சுப் பாக்காதீங்க, உடனே கிளம்புங்க.

சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற என்சைம் மருந்துல நடக்கிற தப்புதான் எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும், ஏன்னா அது அக்கறையால வர்ற தப்பு. இந்த நோய் இருக்கிற பெரும்பாலான குழந்தைங்களுக்கு கணையம் வேலை செய்யாது, அதனால பால்ல இருக்கிற கொழுப்பு செரிக்காம எண்ணெய் பசையோட, நாத்தமா வெளிய வந்துடும், எவ்ளோ குடிச்சாலும் எடை ஏறாது. அதுக்குதான் குட்டி குட்டி மணியா என்சைம் குடுக்கிறாங்க. ஒரு அம்மா, குழந்தை துப்புதேன்னு அந்த மணியை நசுக்கிப் பொடி பண்ணி பால் பாட்டில்ல போட்டு ஆட்டி ஒரு மாசமா குடுத்துட்டு இருந்தாங்க. எடை ஏறல, வாயெல்லாம் புண்ணு. அந்த மணி மேல ஒரு பூச்சு இருக்கு, வயித்துல இருக்கிற அமிலத்துல கரையாம குடலுக்குப் போய்தான் கரையணும், நசுக்கினா பூச்சே போச்சு. பால்ல ஊறினாலும் பூச்சு முன்னாடியே கரைய ஆரம்பிச்சிடும், என்சைம் வாயிலயே வேலையைக் காட்டும். அதனால பால் குடுக்கிறதுக்கு முன்னாடி, அரை ஸ்பூன் ஆப்பிள் மசியல் மாதிரி கொஞ்சம் புளிப்பா மெதுவா இருக்கிறதுல முழு மணியா வச்சு ஊட்டிட்டு உடனே பாலைக் குடுங்க. தேன்ல மட்டும் வேணவே வேணாம், ஒரு வயசுக்குள்ள தேன் ஆபத்து. குடிச்சு முடிச்சதும் சுத்தமான விரலால ஈறு, கன்னத்துக்கு உள்பக்கம் தடவிப் பாருங்க, ஒரு மணி ஒட்டிட்டு இருந்தாலும் புண்ணாயிடும். தாய்ப்பால் குடுக்கிறவங்களுக்கு மார்புக் காம்புலயும் எரியும், துடைச்சுடுங்க. அப்புறம், எடை ஏறலைன்னு நீங்களா டோஸை ஏத்தாதீங்க, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 10,000 லைபேஸ் (கொழுப்பைச் செரிக்க வைக்கிற என்சைம்) யூனிட்டைத் தாண்டக்கூடாதுன்னு வரம்பு இருக்கு, தாண்டினா பெருங்குடலே சுருங்கிப்போற ஆபத்து இருக்கு. ஏ, டி, இ, கே வைட்டமினும் இதோட சேந்ததுதான், கொழுப்பு சேராத உடம்புல அதுங்களும் சேராது.

சரி, என் வேலைக்கு வர்றேன். பால் குடுக்கிறதுக்கு முன்னாடி தட்டுங்க, இல்ல குடிச்சு ஒன்னு ரெண்டு மணி நேரம் கழிச்சு, இல்லைன்னா எல்லாம் கக்கிடும். நல்லா இருக்கிற நாள்லயும் பொதுவா ரெண்டு வேளை, சளி பிடிச்சா இன்னும் கூட. கையை கிண்ணம் மாதிரி குவிச்சு, மெல்லிசு துணி மேல, விலா எலும்பு இருக்கிற இடத்துல மட்டும் தட்டணும், முதுகுத்தண்டு மேலயும் வயித்து மேலயும் கை போகக்கூடாது. காதை வச்சே சரிபாக்கலாம்: "டொப் டொப்"னு உள்ள காத்து இருக்கிற மாதிரி சத்தம் வந்தா சரி, "பட் பட்"னு வந்தா கை தட்டையா இருக்கு, அதுதான் வலிக்கும். தலைகீழா சாய்ச்சு வச்சு தட்டுற பழைய முறைய கைக்குழந்தைக்கு இப்ப நாங்க சொல்லிக் குடுக்கிறது இல்ல, பால் எதுக்களிச்சு மேல வந்துடும்.

நிறைய அப்பாக்கள் நாலு நாள் தட்டிட்டு "ஒரு சளியும் வரலையே மேடம்"னு சலிச்சுக்குவாங்க. கைக்குழந்தைக்கு துப்பத் தெரியாதுங்க, மேல வர்ற சளிய முழுங்கிடும், அது வயித்துக்குப் போறதுல ஒன்னும் தப்பில்ல. கண்ணுக்குத் தெரியலைன்னு விட்டுடாதீங்க. வீட்ல குறைஞ்சது ரெண்டு பேராவது கத்துக்கணும், அம்மா ஒருத்தியே எல்லா வேளையும் பண்ணினா ஆறு மாசத்துல அவங்க ஓய்ஞ்சு போயிடுவாங்க. என் கைய புடிச்ச அந்தப் பாட்டிதான் இப்ப காலை வேளைக்குப் பொறுப்பு, மகன் தட்டும்போது "சத்தம் சரியில்லடா"ன்னு திருத்துறாங்களாம்.

நெபுலைசர், அதாவது மருந்தைப் பனி மாதிரி ஆக்கி மூச்சுல இழுக்க வைக்கிற மெஷின், இருந்தா அதைக் கழுவுற வேலைய மருந்து அளவுக்கே முக்கியமா எடுத்துக்கோங்க. ஈரமா மூடி வச்ச கப்புல சூடோமோனாஸ்னு ஒரு கிருமி சுகமா வளரும், இந்தக் குழந்தைங்க நுரையீரல்ல அது குடியேறிட்டா வெளியேத்துறது பெரும்பாடு. சோப்பு போட்டு கழுவி, கொதிக்க வைக்கலாம்னு கம்பெனி சொல்ற பாகங்களை அஞ்சு நிமிஷம் கொதிக்க வச்சு, காத்துலயே முழுசா காய விடுங்க. உப்புத்தண்ணி நெபுலைசர் எழுதிக் குடுத்திருந்தா தட்டுறதுக்கு முன்னாடி, ஆன்டிபயாடிக் நெபுலைசர் தட்டி முடிச்ச பிறகு. சிகரெட் புகை வீட்டு வாசப்படிக்குள்ளயே வரக்கூடாது. இதே நோய் இருக்கிற இன்னொரு குழந்தையோட பெத்தவங்களைப் பாத்தா ஆறுதலா இருக்கும்தான், போன்ல பேசுங்க, ஆனா ரெண்டு குழந்தைங்களையும் ஒரே ரூம்ல சேக்காதீங்க, ஒருத்தர் கிருமி இன்னொருத்தருக்குப் போயிடும். மத்தபடி நோய் யாருக்கும் தொத்தாது, அக்கா அண்ணன் தாராளமா கொஞ்சலாம், கைய மட்டும் கழுவிட்டு வரச் சொல்லுங்க.

2012-லேர்ந்து அந்த சி.எஃப்.டி.ஆர். கதவையே சரி பண்ற மாத்திரைங்க வந்திருக்கு, எந்த வகை ஜீன் பழுதுன்னு பாத்துதான் குடுப்பாங்க, வயசு வரம்பும் இருக்கு. உங்க குழந்தையோட ஜீன் ரிப்போர்ட்டை வச்சு டாக்டர்கிட்ட கேளுங்க, கிடைச்சாலும் அவங்க சொல்லாம தட்டுறதையோ என்சைமையோ நிறுத்தாதீங்க.

அப்புறம் ஒரு நோட்டு போட்டு எடை, மலம் எப்படி, இருமல் உண்டா இல்லையான்னு தேதி போட்டு ரெண்டு வரி எழுதி வைங்க, செக்கப்புக்கு வரும்போது எடுத்துட்டு வாங்க. நேத்து வரைக்கும் இல்லாத இருமல் இன்னிக்கு வந்திருக்கா, சும்மா லேசா, தூக்கத்துல மட்டும்தானா? அதுக்கும் போன் பண்ணுங்க. இதுக்கெல்லாமா தொந்தரவு பண்றதுன்னு ரெண்டு வாரம் கழிச்சு வந்தவங்களைத்தான் நான் ஆஸ்பத்திரி கட்டில்ல பாத்திருக்கேன்.