அந்த டேப்புக்குள் இருப்பது யார்?

ஒரு எடிட்டரில் நான்கு டேப்கள் திறந்திருக்கின்றன. இரண்டில் உரைக் கோப்புகள், ஒன்றில் ஒரு படம், கடைசியில் செட்டிங்ஸ் பக்கம். மேலே இருக்கும் 'சேமி' பட்டனை அழுத்துகிறோம். இப்போது முன்னால் தெரியும் டேப்பில் இருப்பது உரையா, படமா, செட்டிங்ஸா என்று நமக்குப் பார்த்தவுடன் தெரியும். பட்டனுக்குப் பின்னால் ஓடும் நிரலுக்கு அது தெரியாது. யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த மென்பொருள் நிலைத்து நிற்கும், அல்லது என்றோ ஒருநாள் காரணமே தெரியாமல் சரிந்து விழும்.

இதை க்யூட் நூலகத்தை வைத்துப் பார்ப்போம். நார்வேயில் பிறந்து 1995-இல் முதன்முதலாகப் பொதுவெளிக்கு வந்த நூலகம் இது. நூலகம் என்றால், பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்த ஆயத்தமாக எழுதி வைத்த நிரல்தொகுப்பு; இது சி++ என்ற நிரல்மொழிக்கானது. விஎல்சி பிளேயர், விர்ச்சுவல்பாக்ஸ், வயர்ஷார்க், டெலிகிராமின் டெஸ்க்டாப் செயலி என நாம் தினமும் தொடுகிற பல மென்பொருள்களின் திரைகள் இதில்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

க்யூட்டின் விட்ஜெட் முறையில் திரையில் தெரிகிற எல்லாமே விட்ஜெட். பட்டன், லேபிள், உரைப்பெட்டி எல்லாவற்றுக்கும் மூதாதை 'கியூவிட்ஜெட்' என்ற ஒரே கிளாஸ். கிளாஸ் என்றால் ஒரு வகைப் பொருளை வார்க்கும் அச்சு. டேப்களை நிர்வகிக்கும் 'கியூடேப்விட்ஜெட்' இந்தப் பொதுத்தன்மையை நம்பித்தான் வேலை செய்கிறது. ரயில் நிலையத்தில் பெட்டியை ஒப்படைத்தால் டோக்கன் கொடுப்பார்கள், உள்ளே பட்டுப்புடவையா பாத்திரமா என்று கேட்க மாட்டார்கள். அதுபோல 'ஆட்டேப்' என்று எதைக் கொடுத்தாலும் இது வாங்கி வைத்துக்கொள்ளும். திரும்பக் கேட்கும்போது 'இதோ உங்கள் விட்ஜெட்' என்று மட்டும் சொல்லும். அப்படி இருப்பதால்தான் நாளைக்கு நாம் எழுதப்போகும் புதுவகைப் பக்கத்தையும் அதனால் ஏற்றுக்கொள்ள முடிகிறது.

முன்னால் இருக்கும் பக்கத்தைக் கேட்க 'கரண்ட்விட்ஜெட்', இத்தனையாவது பக்கம் வேண்டும் என்று கேட்க 'விட்ஜெட்' என்ற ஃபங்ஷன். இரண்டுமே தருவது கியூவிட்ஜெட் வகைப் பாயிண்டர், அதாவது மெமரியில் அந்தப் பொருள் இருக்கும் முகவரி. எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இல்லாத எண்ணைக் கேட்டால் எதையும் சுட்டாத வெற்றுப் பாயிண்டர் வரும். எல்லா டேப்களையும் மூடிவிட்டால் 'கரண்ட்இண்டெக்ஸ்' -1 என்று சொல்லும். ஒரு டேப்பாவது எப்போதும் திறந்திருக்கும் என்று நினைத்து எழுதிய நிரல்கள் முதலில் விழுவது இங்கேதான்.

சரி, பாயிண்டர் கைக்கு வந்துவிட்டது. அது 'உரைப்பக்கம்' என்று நாம் எழுதிய கிளாஸைச் சேர்ந்தது என்றால்தான் கோப்பின் பாதையைக் கேட்க முடியும். பொதுவான கியூவிட்ஜெட்டுக்குப் பாதை என்றால் என்னவென்றே தெரியாது. ஆகவே வகையை மாற்ற வேண்டும். அதைத்தான் காஸ்ட் என்கிறோம். சி++ இதற்குப் பல வழிகள் தருகிறது. அவற்றில் மிக எளிதாகக் கைக்கு வருவது 'ஸ்டேட்டிக் காஸ்ட்'. 'இது உரைப்பக்கம்தான், என் பொறுப்பு' என்று, நிரலைக் கணினிமொழிக்கு மாற்றும் கம்பைலரிடம் கொடுக்கும் வாக்குமூலம் அது. கம்பைலர் அப்படியே நம்பிவிடும். நிரல் ஓடும்போது யாரும் சரிபார்ப்பதில்லை.

அந்த வாக்குமூலம் பொய்யாகும்போது மெமரியில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். நம்மிடம் இரண்டு கிளாஸ்கள். 'உரைப்பக்கம்' தன் விட்ஜெட் பகுதிக்கு அடுத்த இடத்தில் கோப்பின் பாதையை ஒரு கியூஸ்ட்ரிங்காக, அதாவது க்யூட்டின் எழுத்துச்சரமாக, வைத்திருக்கிறது. க்யூட் 6-இல், 64-பிட் கணினியில், அதற்கு 24 பைட் தேவை. 'படப்பக்கம்' அதே இடத்தில் ஜூம் அளவை 8 பைட் தசம எண்ணாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இப்போது முன்னால் இருப்பது படப்பக்கம். நாம் அதை உரைப்பக்கம் என்று சொல்லிப் பாதையைக் கேட்கிறோம். கியூஸ்ட்ரிங்கின் முதல் 8 பைட் ஒரு முகவரி. அந்த எழுத்துகளை எத்தனை நகல்கள் பகிர்கின்றன என்று அந்த முகவரியில் இருக்கும் எண்ணிக்கையை ஒன்று கூட்டிவிட்டுத்தான் நகல் கிடைக்கும். ஆனால் அங்கே இருப்பது ஜூம் 1.5. அந்த எண்ணின் பிட்டுகளை முகவரியாக வாசித்தால், இன்டெல், ஏஎம்டி 64-பிட் செயலிகள் ஏற்கவே ஏற்காத ஒரு முகவரி வருகிறது. உடனே கிராஷ்.

இது நல்ல முடிவு. தவறு நடந்த இடத்திலேயே நிரல் விழுந்துவிட்டது, பிழை தேடும் கருவியான டீபக்கர் அந்த வரியைக் காட்டிவிடும். அங்கே கியூஸ்ட்ரிங்குக்குப் பதில் வெறும் எண்கள் 24 பைட்டுக்கு இருந்து, அவற்றைப் படிக்காமல் எழுதியிருந்தால்தான் ஆபத்து. 8 பைட் இருக்கும் இடத்தில் 24 பைட் இருப்பதாக நம்பி எழுதும்போது மீதி 16 பைட் அந்தப் பொருளின் எல்லையைத் தாண்டி, அடுத்தவர் இடத்தில் போய் உட்காரும். அங்கே யார் இருந்தார்களோ தெரியாது. நிரல் தொடர்ந்து ஓடும். அப்புறம், சம்பந்தமே இல்லாமல் ஒரு மெனுவைத் திறக்கும்போது விழும். மெனு நிரலை நாள்கணக்கில் துருவினாலும் அங்கே எதுவும் கிடைக்காது. இந்த வகைப் பிழையைத்தான் நான் எல்லாவற்றையும்விட அஞ்சுவேன்.

பழைய சி பாணியில், அடைப்புக்குறிக்குள் வகையின் பெயரை எழுதி மாற்றுவது இதைவிட மோசம். அந்த கிளாஸின் விவரம் இருக்கும் ஹெட்டர் ஃபைலைச் சேர்க்க மறந்து, பெயரை மட்டும் அறிவித்திருந்தால், ஸ்டேட்டிக் காஸ்ட் கம்பைல் ஆகாமல் நின்றுவிடும். சி பாணி காஸ்ட்டோ, உறவே தெரியாத இரண்டு வகைகளுக்கிடையே பிட்டுகளை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடும். கியூவிட்ஜெட்டுக்கே இரண்டு பெற்றோர் உண்டு: கியூஆப்ஜெக்ட், கியூபெயிண்ட்டிவைஸ். இரண்டாவது பெற்றோரின் பகுதி பொருளின் தொடக்கத்தில் இருப்பதில்லை, சில பைட் தள்ளித்தான் இருக்கும். அந்தத் தள்ளுதலைக் கணக்கில் எடுக்காத காஸ்ட் சரியான பொருளின் தவறான இடத்தைக் காட்டும். சி++ மொழியை உருவாக்கிய பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் புதிய காஸ்ட்களுக்கு வேண்டுமென்றே நீளமான, கண்ணை உறுத்தும் பெயர்களை வைத்தார். நிரலைத் தேடிப் பார்க்கும்போது அவை சட்டென்று சிக்க வேண்டும் என்பது ஒரு காரணம்.

க்யூட் தருகிற வழி 'கியூஆப்ஜெக்ட் காஸ்ட்'. இது அந்தப் பொருளிடமே 'நீ உரைப்பக்கமா?' என்று கேட்கிறது. ஆம் என்றால் அந்த வகைப் பாயிண்டர், இல்லை என்றால் வெற்றுப் பாயிண்டர். பொருளுக்குத் தன்னைப் பற்றி எப்படித் தெரியும்? நம் நிரல் கம்பைலருக்குப் போவதற்கு முன்பே 'மாக்' என்ற தனிக்கருவி ஹெட்டர் ஃபைல்களைப் படிக்கிறது. 'கியூ_ஆப்ஜெக்ட்' என்ற மேக்ரோ, அதாவது ஒருவரிக் குறி, இருக்கும் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு குறிப்பேட்டைத் தயாரிக்கிறது. அதில் கிளாஸின் பெயர், அதன் சிக்னல்கள் (ஒன்று நடந்ததை அறிவிப்பவை), ஸ்லாட்கள் (அதைக் கேட்டு வேலை செய்பவை), பெற்றோர் கிளாஸின் குறிப்பேடு இருக்கும் முகவரி எல்லாம் இருக்கும். ஒவ்வொரு பொருளும் தன் குறிப்பேட்டைக் கேட்டால் எடுத்துக் கொடுக்கும்.

காஸ்ட் நடக்கும்போது இந்தக் குறிப்பேடுகளின் சங்கிலியில் ஏறிப் போகிறார்கள். கியூலேபிள் என்றால் அதன் பெற்றோர் கியூஃபிரேம், அதற்கு மேல் கியூவிட்ஜெட், அதற்கு மேல் கியூஆப்ஜெக்ட், அத்தோடு முடிந்தது. வழியில் நாம் கேட்ட கிளாஸின் குறிப்பேடு வந்தால் ஆம், வராவிட்டால் இல்லை. நாலைந்து முகவரிகளை ஒப்பிடுவதுதான் மொத்த வேலை, பட்டன் அழுத்தும் இடத்தில் இதன் செலவைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். பலர் குழம்பும் ஒரு இடமும் இதனால் தெளிவாகும். கியூடெக்ஸ்ட்எடிட், கியூபிளெயின்டெக்ஸ்ட்எடிட் இரண்டும் பெயரைப் பார்த்தால் தாயும் பிள்ளையும் மாதிரி இருக்கும். உண்மையில் அவை உடன்பிறப்புகள், இரண்டுக்கும் பெற்றோர் கியூஆப்ஸ்ட்ராக்ட்ஸ்க்ரோல்ஏரியா. ஒன்றை மற்றொன்றாகக் கேட்டால் வெற்றுப் பாயிண்டர்தான் வரும்.

நாம் எழுதும் கிளாஸில் அந்த மேக்ரோவைப் போட மறந்தால் அதற்கென்று தனிக் குறிப்பேடு இருக்காது, பெற்றோருடையதையே காட்டும். அந்த நிலையில் கியூஆப்ஜெக்ட் காஸ்ட் எழுதினால் கம்பைலரே நிறுத்திவிடும். ஆனால் 'ஃபைண்ட்சைல்ட்' என்று ஒரு தேடும் ஃபங்ஷன் இருக்கிறது, ஒரு விட்ஜெட்டுக்குள் பேரன் பேத்தி வரை தேடி, கேட்ட வகைப் பிள்ளையை எடுத்துத் தரும். க்யூட் 5-இல் மேக்ரோ இல்லாத கிளாஸை அதனிடம் கேட்டால், பெற்றோரின் குறிப்பேட்டை வைத்துத் தேடி, முதலில் கிடைத்த ஏதோ ஒரு விட்ஜெட்டை நம் வகை என்று சொல்லிக் கொடுத்துவிடும். முன்பு பார்த்த ஸ்டேட்டிக் காஸ்ட்டின் ஆபத்து அப்படியே பின்வாசல் வழியாக வந்துவிட்டது. மேக்ரோ போடுவதற்கு ஒரு வரிதான் ஆகிறது, கியூஆப்ஜெக்ட் வழிவந்த எந்த கிளாஸையும் அது இல்லாமல் எழுதாதீர்கள்.

கேள்வியைச் சரியாகக் கேட்டும் 'இல்லை' என்றே பதில் வருகிறதென்றால், பெரும்பாலும் தவறான ஆளிடம் கேட்டிருப்போம். பக்கம் நீளமாகிவிட்டது என்று யாரோ அதை ஒரு ஸ்க்ரோல்ஏரியாவுக்குள் வைத்து டேப்பில் சேர்த்திருப்பார்கள். இப்போது டேப் தருவது ஸ்க்ரோல்ஏரியாவை. அதனிடம் 'விட்ஜெட்' என்று கேட்டால்தான் உள்ளே இருக்கும் நம் பக்கம் வரும். எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. இங்கே பெற்றோர் என்பது கிளாஸின் மூதாதை இல்லை, ஒரு விட்ஜெட்டைத் தனக்குள் வைத்திருக்கும் விட்ஜெட். பக்கத்திடம் 'உன் பெற்றோர் யார்?' என்று கேட்டால் கியூடேப்விட்ஜெட் என்று சொல்லாது. டேப்விட்ஜெட் தனக்குள்ளே டேப்களின் பட்டையாக ஒன்றையும், பக்கங்களை அடுக்கி வைக்கும் கியூஸ்டாக்ட்விட்ஜெட் ஒன்றையும் வைத்திருக்கிறது. பக்கத்தின் நேரடிப் பெற்றோர் அந்த அடுக்குதான். டேப்விட்ஜெட் அதற்கும் மேலே ஒரு படி.

டேப்பின் எண்ணை மனப்பாடமாக வைத்து 'இரண்டாவது எப்போதும் செட்டிங்ஸ்' என்று எழுதுவதும் நிற்காது. டேப்களை இழுத்து இடம் மாற்றும் வசதியைப் போட்டதும் அது போய்விடும். தலைப்பை வைத்துக் கண்டுபிடிப்பது இன்னும் பலவீனம். மொழிபெயர்ப்பு வந்தால் தலைப்பு மாறும். லினக்ஸின் கேடிஈ டெஸ்க்டாப்பில் குறுக்குவிசைக்காகத் தலைப்பு எழுத்துகளுக்கிடையே '&' தானாகவே சேர்ந்துவிடுவதும் உண்டு. பக்கத்தின் பாயிண்டரை வைத்துக்கொண்டு 'இண்டெக்ஸ்ஆஃப்' என்று அப்போதைக்கப்போது இடத்தைக் கேட்டுக்கொள்வதே உறுதியான வழி.

உண்மையில், காஸ்ட்டே தேவைப்படாத இடங்கள்தான் அதிகம். டேப்பைச் சேர்க்கும் அந்த வரியில் நமக்கு வகை முழுதாகத் தெரியும், நாம்தானே உருவாக்கினோம். செட்டிங்ஸ் மாதிரி ஒன்றே ஒன்று இருக்கும் பக்கத்தை அப்போதே நம் கிளாஸுக்குள் ஒரு மெம்பராக வைத்துக்கொண்டால் பிறகு யாரிடமும் கேட்க வேண்டாம். சிக்னல்களையும் அங்கேயே இணைத்துவிடலாம். சேமிப்பதற்கு, எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாக 'பக்கம்' என்று ஒரு அடிப்படை கிளாஸ் எழுதி, அதில் 'சேமி' என்ற விர்ச்சுவல் ஃபங்ஷனை, அதாவது ஒவ்வொரு வகையும் தன் வழியில் எழுதிக்கொள்ளும் ஃபங்ஷனை, வைத்துவிட்டால், ஒரே ஒரு காஸ்ட் போதும். உரையா படமா என்று அடுக்கடுக்காக 'இஃப்' எழுதும் வேலை மறைந்துவிடும்.

எவ்வளவு பாதுகாப்பான காஸ்ட்டாக இருந்தாலும் அது காப்பாற்றாத ஒரு நிலை உண்டு: பொருளே அழிந்துபோயிருப்பது. அழிந்த பொருளிடம் 'நீ யார்' என்று கேட்பதே கிராஷில் முடியலாம், ஏனென்றால் குறிப்பேட்டுக்குப் போகும் வழியும் அந்தப் பொருளுக்குள்தான் இருந்தது. 'ரிமூவ்டேப்' டேப்பை மட்டும்தான் எடுக்கும், பக்கத்தை அழிக்காது. அதற்கு நாம் 'டிலீட்லேட்டர்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, கிளிக் போன்ற நிகழ்வுகளை ஒவ்வொன்றாகக் கவனிக்கும் ஈவன்ட் லூப்புக்கு நிரல் திரும்பியதும் பக்கம் போய்விடும். அதற்கு முன்பே ஒரு பெரிய கோப்பைப் படிக்க ஆரம்பித்திருந்த பின்னணி வேலை முடிந்து, அந்தப் பக்கத்தைத் தேடி வரலாம். அங்கே சாதாரணப் பாயிண்டருக்குப் பதில் 'கியூபாயிண்டர்' வைத்திருந்தால், பக்கம் அழிந்ததும் அது தானாக வெற்றாகிவிடும். விட்ஜெட்டுகள் எல்லாம் நிரலின் முதன்மை ஓட்டமான முதன்மைத் திரெட்டில்தான் வாழ்கின்றன, எனவே வெற்றா இல்லையா என்று பார்ப்பதும் அங்கேயே நடக்க வேண்டும். பின்னணித் திரெட்டில் பார்த்தால், பார்த்ததற்கும் பயன்படுத்துவதற்கும் நடுவில் பக்கம் அழிந்துவிடலாம். சிக்னலை லாம்டா என்ற பெயரில்லாத சிறு ஃபங்ஷனோடு இணைக்கிறோம் என்றால் பெறுநர் இடத்தில் அந்தப் பக்கத்தையே கொடுத்துவிடலாம். அப்போது பக்கம் அழியும்போது இணைப்பும் அதோடு அறுந்துவிடும், லாம்டா அழைக்கப்படவே மாட்டாது.