சருகு மழைக்காகக் காத்திருக்கும் காடு

பங்குனி மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிப் பக்கம் பஸ்ஸில் போனால் சாலையின் இரு பக்கமும் காடு வெறும் குச்சியாக நிற்கும். காய்ந்துபோய்விட்டது என்றுதான் தோன்றும். ஆனால் இலையை உதிர்ப்பதற்கு முன்பே, அதிலிருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் இரண்டிலும் ஏறக்குறைய பாதியை மரம் உறிஞ்சிக் கிளைக்கும் வேருக்கும் அனுப்பிவிடுகிறது. கால்சியத்தை மட்டும் அப்படி மீட்க முடியாது. அது சருகோடு தரைக்கு வந்துவிடும்.

மழைக்காட்டில் விழும் இலை சில மாதங்களில் மக்கிவிடும். இங்கே அது நடக்காது. பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் ஈரம் வேண்டும், கோடையில் ஈரத்துக்கு எங்கே போவது? புற்றுக்குள் ஈரத்தைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளும் கறையான் மட்டும் சருகையும் பட்ட மரத்தையும் விடாமல் அரித்துக்கொண்டிருக்கும். தின்றதில் பாதிக்கு மேல் செரிக்காமல் லத்தியாகப் போடும் யானைக்கும் இதில் பங்கு உண்டு. மற்றபடி சருகு அப்படியே கிடக்கும்.

அப்புறம் கோடை மழை. நனைந்த சில மணி நேரத்திலேயே மண் மூச்சு விடுவதுபோல் கரியமில வாயு கிளம்பும். வறட்சியில் செத்த நுண்ணுயிர்களின் உடலே பிழைத்தவற்றுக்குத் தீனி. அவை பெருகும்போது வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய வடிவில் நைட்ரஜன் வெளிவரும். கிழக்கு ஆப்பிரிக்க மண்ணை ஆராய்ந்த பிர்ச் என்பவர் 1958-இல் இதை விரிவாக எழுதினார். அவர் பெயரிலேயே 'பிர்ச் விளைவு' என்கிறார்கள். அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள வேர் இல்லாவிட்டால் நைட்ரஜன் நீரோடு போய்விடும். புங்கன் போன்ற மரங்கள் மழைக்கு முன்பே துளிர்த்துத் தயாராக நிற்பது இங்கே உதவுகிறது.

தண்ணீரின் கதையும் இதே சருகில்தான் இருக்கிறது. மழைத்துளியின் அடியைச் சருகு வாங்கிக்கொள்வதால் மண்ணின் துளைகள் அடைபடுவதில்லை. தண்ணீர் நின்று இறங்கி, ஓடைகளில் மெதுவாகக் கசிகிறது.

'தீ வைத்தால் புல் நல்லா வரும்' என்று சொல்வார்கள். வரும்தான், சாம்பலில் கால்சியமும் பொட்டாசியமும் இருக்கிறதே. ஆனால் நைட்ரஜன் 200 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். சருகுப் போர்வை போன தரையில் முதல் மழை இறங்காமல் வழிந்தோடும். மிச்சமிருந்த சாம்பலையும் மேல்மண்ணையும் சேர்த்தே அடித்துப்போகும். சின்னாற்றுக்கு வடியும் சரிவு என்றால், அது போய்ச் சேருவது பஞ்சப்பள்ளி அணையின் வண்டலில்.