நாலு லட்சம் ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப் ஒன்றரை லட்சத்துக்கு வருதாம், வாங்கலாமா சார்?

இந்த மாதத்தில் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது ஆள் அவர். முதல் இரண்டு பேராவது வாங்குவதற்கு முன்னால் வந்தார்கள். இவர் வாங்கிவிட்டு வந்திருக்கிறார்.

தாம்பரம் பக்கம் ஆடிட்டராக இருக்கிறேன். வருமான வரிக் கணக்கோடு ஊரார் குடும்பக் கணக்கும் என் மேசைக்கு வந்துவிடும். இவர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். கூட வேலை பார்த்தவரிடம் ஒரு ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப்பை, அதாவது வருடத்துக்கு ஏழு இரவு கிளப்பின் ரிசார்ட்டுகளில் தங்கும் உரிமையை, ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கியிருக்கிறார். 25 வருட ஒப்பந்தத்தில் மிச்சம் 9 வருடம். நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்தார். கம்பெனிக்கு எழுதிக் கேட்டதும் பதில் வந்தது: நான்கு வருட ஆண்டுக் கட்டணம் பாக்கி. வருடத்துக்கு ஜி.எஸ்.டி. உட்பட 21,240 ரூபாய் என்றால் நாலு வருடத்துக்கு 84,960. அதைக் கட்டினால்தான் பெயர் மாற்றம். பெயர் மாற்றத்துக்குத் தனியாக ஏறக்குறைய இருபதாயிரம்.

எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 55 ஆயிரம். ஒன்பதால் வகுத்தால் வருடத்துக்கு 28 ஆயிரம் சொச்சம். அதன்மேல் வருடாவருடம் கட்ட வேண்டிய 21,240. ஏழு இரவுக்கு 49 ஆயிரத்துக்கு மேல், அதாவது ஒரு இரவுக்கு ஏழாயிரம். இந்த மனிதர் கொடைக்கானலில் இதுவரை மூவாயிரம் ரூபாய் அறைக்கு மேல் எடுத்ததே கிடையாது.

“நாலு லட்சத்துக்கு வாங்கினதாம் சார், ஒன்றரைக்குக் குடுத்தார்” என்றார். எனக்கு எரிச்சல் வருவதே இந்த இடத்தில்தான். விற்பவர் அன்றைக்கு என்ன கொடுத்தார் என்பதற்கும் இன்றைக்கு நீங்கள் என்ன கொடுக்கலாம் என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. துளிகூட இல்லை.

அந்த நாலு லட்சம் எங்கே போயிருக்கும்? ஓட்டலில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசிய விற்பனையாளரின் கமிஷன், குலுக்கலில் விழுந்ததாகச் சொன்ன பரிசு, விளம்பரம், வரி, இ.எம்.ஐ.யில் போட்டிருந்தால் வட்டி. இதில் எதுவும் உங்கள் கைக்கு வராது. தொழில்முறையில் ஒரு சின்னத் தகவல்: 2018 ஏப்ரலில் இந்த் ஏ.எஸ். 115 என்ற கணக்கியல் விதி வருவதற்கு முன்பு, மெம்பர்ஷிப் பணத்தில் சேர்க்கைக் கட்டணம் என்று ஒரு பங்கைப் பிரித்து முதல் வருடமே வருமானமாக எழுதும் வழக்கம் இருந்தது. சேர்த்துவிட்டதற்கான கூலி அது. அந்தக் கூலியை இன்னொரு தடவை நீங்கள் எதற்குக் கொடுக்க வேண்டும்?

நம்மவர்களுக்கு இதெல்லாம் மனையாகத்தான் தெரிகிறது. ‘அன்னைக்கு நாலு, இன்னைக்கு ஒன்றரைக்கு வருது, விடலாமா’ என்று கை பரபரக்கிறது. அய்யா, 25 வருட மெம்பர்ஷிப் அசையாச் சொத்து அல்ல. பட்டா இல்லை, வில்லங்கச் சான்றிதழ் இல்லை, சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அறையைக் குறிப்பிட்ட நாட்கள் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை, அவ்வளவுதான். அது பஸ் பாஸ் மாதிரி. பாதி மாதம் தாண்டிய பாஸை யாராவது ‘விலை ஏறும்’ என்று வாங்கி வைப்பார்களா? வருடம் குறையக் குறைய மதிப்பும் குறையும். கடைசி நாளில் பூஜ்யம். நோட்டரி முத்திரை குத்தியதால் அது கிரயப் பத்திரம் ஆகிவிடாது. கம்பெனி தன் பதிவேட்டில் பெயரை மாற்றி, எழுத்தில் உறுதி செய்தால்தான் அது உங்களுடையது.

இன்னொன்று, விற்பவர் உங்களிடம் உரிமையை மட்டும் தருவதில்லை. வருடாவருடம் பணம் கட்டும் பொறுப்பையும் சேர்த்துத்தான் தள்ளிவிடுகிறார். போனாலும் கட்ட வேண்டும், போகாவிட்டாலும் கட்ட வேண்டும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் விலைவாசியை ஒட்டி அந்தக் கட்டணம் ஏறும் என்றும் எழுதியிருக்கும். அதனால் ‘நாலு லட்சம் போட்டவரிடம் எப்படி சார் முப்பதாயிரம்னு கேட்கிறது, அசிங்கமா இருக்காதா’ என்று கூச்சப்படாதீர்கள். அவர் தலையில் இருக்கும் ஒரு சுமையை நீங்கள் இறக்கி வாங்குகிறீர்கள். சில சமயம் சும்மா கொடுத்தால்கூட வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, எவ்வளவு கேட்கலாம்? இதே வாரம் வந்த இன்னொருவருக்குப் போட்டுக் கொடுத்த கணக்கைச் சொல்கிறேன். மிச்சம் 12 வருடம், விலை ஒன்றரை லட்சம் சொல்கிறார்கள். மெம்பர்ஷிப் இல்லாவிட்டால் உங்கள் குடும்பம் எந்த அறை எடுக்கும் என்று கேட்டேன். ரிசார்ட்டின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கும் விலையைக் கேட்கவில்லை, அவர் சட்டைப் பையிலிருந்து உண்மையாகவே எடுத்துக் கொடுக்கும் விலையைத்தான் கேட்டேன். யோசித்து, வரியோடு 5,500 என்றார். வருடத்துக்கு எத்தனை இரவு போவீர்கள்? ‘ஏழும்’ என்றார். போன ஐந்து வருடத்தை ஒவ்வொன்றாக எண்ணச் சொன்னேன். கல்யாணம், பரீட்சை, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எல்லாம் கழித்தால் சராசரி ஐந்துகூட வரவில்லை. தாராளமாக ஐந்து என்று வைத்தோம்.

ஐந்து இரவு, 27,500. ஆண்டுக் கட்டணம் 21,240 போனால் மிச்சம் 6,260. இதுதான் ஒரு வருட லாபம். 12 வருடத்துக்கு 75 ஆயிரம் என்று பெருக்கிவிடக் கூடாது. பன்னிரண்டாவது வருடம் வரும் பணம் இன்றைய பணம் இல்லை. 8 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 47 ஆயிரம். பெயர் மாற்றச் செலவு இருபதாயிரத்தைக் கழித்தால் 27 ஆயிரம். அதுதான் உச்சவரம்பு. நான் அவரிடம் பதினைந்தில் ஆரம்பிக்கச் சொன்னேன்.

இந்தக் கணக்கில் கட்டணமும் வாடகையும் ஏறாமல் நிற்பதாக வைத்திருக்கிறேன். கட்டணம் ஏறுவது உறுதி, வாடகை ஏறுவது ஊரைப் பொறுத்தது. வரியிலும் நிலைமை மாறிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான ஓட்டல் அறைக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆண்டுக் கட்டணத்துக்கோ 18 சதவீதம். ஓட்டல் பக்கம் மலிவாகும்போது மெம்பர்ஷிப்பின் மதிப்பு தானாகவே இறங்கும். பழைய பேப்பரை வைத்து விலை சொல்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

அப்புறம் பருவம். இதை யாரும் படிப்பதில்லை. உதாரணத்துக்கு கிளப் மஹிந்திராவில் வருடத்தின் நாட்களை பர்ப்பிள், ரெட், வொய்ட், ப்ளூ என்று நான்கு நிறமாகப் பிரித்திருப்பார்கள்; மெம்பர்ஷிப்பும் ஒரு நிறத்தில்தான் வரும். பர்ப்பிள்தான் உச்சம். வொய்ட் வைத்திருப்பவர் வொய்ட், ப்ளூ நாட்களில்தான் போக முடியும். எந்த வாரம் எந்த நிறம் என்பது ரிசார்ட்டுக்கு ரிசார்ட் மாறும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு, பரீட்சை நேரத்தில் மட்டும் கிடைக்கும் நிறம் எதற்கு? அந்த வீட்டைப் பொறுத்தவரை அதன் மதிப்பு பூஜ்யம். ஓய்வுபெற்ற தம்பதிக்கு அதே நிறம் போதும், விலையும் குறைவு. ஒரே ஒப்பந்தத்துக்கு ஆளுக்கு ஒரு மதிப்பு வருவது இப்படித்தான்.

பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கமும், பாக்கி எவ்வளவு என்று கம்பெனி கொடுக்கும் அறிக்கை, கடனில் வாங்கியிருந்தால் இ.எம்.ஐ. முடிந்த கடிதம், சேர்ந்திருக்கும் விடுமுறை நாட்களின் எண்ணிக்கை, பெயர் மாற்றக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் ஒரு பதில். வாட்ஸாப்பில் வரும் ஸ்கிரீன்ஷாட் அறிக்கை ஆகாது. கணவன், மனைவி இரண்டு பேர் பெயரில் இருந்தால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் வாங்கியவருக்குக் கிடைத்த சலுகைகள், வெளிநாட்டு ரிசார்ட் பரிமாற்றம் போன்றவை உங்களுக்கும் வருமா என்று தனியாகக் கேளுங்கள். வரும் என்று எழுத்தில் இல்லையென்றால் வராது என்றே கணக்குப் போடுங்கள்.

பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். பெயர் மாறிய பிறகு முழுப் பணம், அதற்கு முன் சின்ன அட்வான்ஸ், அதுவும் பெயர் மாறாவிட்டால் திரும்பி வரும் என்று எழுதி வாங்கிக்கொண்டு. நீங்கள் வாங்குவது தனி நபரிடம். நாளைக்குத் தகராறு வந்தால் கம்பெனி மேல் போகிற மாதிரி அவர் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது எளிதல்ல. சிவில் கோர்ட்டில் எத்தனை வருடம் ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் படிப்பவர்களில் விற்க நினைப்பவர்களும் இருப்பீர்கள். ‘உங்கள் மெம்பர்ஷிப்புக்கு ஆறு லட்சத்துக்கு ஆள் ரெடி, ஜி.எஸ்.டி.யை மட்டும் முதலில் அனுப்புங்கள்’ என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். உங்கள் பொருளை விற்க நீங்கள் ஏன் முன்பணம் கட்ட வேண்டும்? தயவுசெய்து வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள், இந்த அழைப்புகள் குறிவைப்பது அவர்களைத்தான். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

பதினைந்தாயிரத்தில் ஆரம்பிக்கப் போனவருக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பினேன். விலை பேசுவதற்கு முன், விற்பவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் லாக்-இன்னைத் திறக்கச் சொல்லுங்கள், நீங்கள் உண்மையாகவே போக நினைக்கும் வாரத்துக்கு அறை இருக்கிறதா பாருங்கள் என்றேன். மூணாறு, மே மூன்றாவது வாரம்: இல்லை. ஊட்டி: இல்லை. ஏற்காடு: இல்லை. “நாலு மாசம் முன்னாடியே போட்டுடணும் சார், நாங்களே மூணு வருஷமா போகல” என்றாராம் விற்பவர். நம்மவர் காபியைக் குடித்துவிட்டு, விலையே கேட்காமல் எழுந்து வந்துவிட்டார்.