நீரைப் பிளக்கும் ஒற்றை அணுவும் அதன் அண்டை அணுக்களும்

நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கக் கோட்பாட்டின்படி 1.23 வோல்ட் மின்னழுத்தம் போதும். ஆனால் மின்வாயின் பரப்பில் பழைய பிணைப்புகள் முறிந்து புதியவை உருவாகும் ஒவ்வொரு படியிலும் ஓர் ஆற்றல் தடை குறுக்கிடுவதால், நடைமுறையில் அதைவிடக் கூடுதலான மின்னழுத்தம் தேவைப்படுகிறது. இந்த மிகை மின்னழுத்தத்தைக் குறைப்பதே வினையூக்கியின் பணி. அமிலத் தன்மையுள்ள சவ்வைக் கொண்ட மின்பகுப்புக் கலங்களில் ஹைட்ரஜன் வெளிப்படும் பக்கத்தில் பிளாட்டினமும் ஆக்சிஜன் வெளிப்படும் பக்கத்தில் இரிடியமும் இப்பணியைச் செய்கின்றன. இரிடியமோ உலகம் முழுவதிலும் ஆண்டுக்குச் சில டன்களே கிடைக்கும் உலோகம்.

இத்தனை அரிய உலோகத்தின் பெரும்பகுதி வேலையின்றிக் கிடக்கிறது என்பதுதான் வருத்தத்திற்குரியது. 5 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு பிளாட்டினத் துகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அணுக்களே மேற்பரப்பில் இருக்கின்றன. உள்ளே புதைந்திருப்பவற்றை நீர் தொடுவதே இல்லை. துகளைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் வந்து சேரும் எல்லை, ஒற்றை அணு. 2011இல் சீனாவின் டாலியன் வேதி இயற்பியல் நிறுவனத்தின் ஜாங் தாவோ குழுவினர், இரும்பு ஆக்சைடின் மீது பிளாட்டின அணுக்களைத் தனித்தனியே நிறுத்தி, கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றம் செய்து காட்டினர். அதன் பின்னரே இத்துறை வேகம் பெற்றது.

‘ஒற்றை அணு’ என்ற பெயர் சற்றே திசைதிருப்பக்கூடியது. தனித்து விடப்பட்ட உலோக அணு பரப்பின் மீது நகர்ந்து தன் இனத்தோடு சேர்ந்து திரளும் இயல்புடையது. அதைத் தடுக்க, நைட்ரஜன் கலந்த கிராஃபீன் (ஓர் அணுத் தடிமனுள்ள கார்பன் தாள்) போன்ற தாங்கியில் நான்கு நைட்ரஜன் அணுக்களுக்கு நடுவே அது பிணைக்கப்படுகிறது. அந்த நைட்ரஜன்கள் வெறும் முளைகளாக நின்றுவிடுவதில்லை; உலோகத்தின் எலக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுத்து, அது ஹைட்ரஜனை எவ்வளவு இறுக்கமாகப் பற்ற வேண்டும் என்பதையும் தீர்மானிக்கின்றன. பிடி தளர்ந்தால் வினை தொடங்காது. இறுகினால் உருவான ஹைட்ரஜன் பரப்பை விட்டு அகலாது. பிளாட்டினம் இயல்பாகவே இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு நைட்ரஜனுக்குப் பதிலாகக் கந்தகத்தையோ கார்பனையோ வைத்து, கோபால்ட், நிக்கல் முதலிய மலிவான உலோகங்களையும் அந்த நடுநிலையை நோக்கி நகர்த்த முடிகிறது என்பதே, என் கருத்தில், உலோகச் சிக்கனத்தைவிடப் பெரிய ஆதாயம்.

தயாரிக்கும் முறைகளுள் ஒன்று மிக நுட்பமானது. துத்தநாக அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் இணைக்கும் நுண்துளைச் சட்டகம் ஒன்றில், துத்தநாகத்தின் இடங்களில் சிலவற்றைக் கோபால்ட்டுக்குக் கொடுத்து, ஆக்சிஜன் இல்லாத சூழலில் சூடேற்றுகிறார்கள். கரிமப் பகுதி நைட்ரஜன் கலந்த கார்பனாகிறது. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதிப்பதால், அதற்கு மேல் வெப்பம் உயரும்போது ஆவியாகி வெளியேறுகிறது. அதுவரை கோபால்ட் அணுக்களுக்கு இடையே வேலியாக நின்று அவை திரளாமல் காத்தது அந்தத் துத்தநாகமே.

ஆக்சிஜன் பக்கம் இன்னும் கடினமானது. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக நீங்க வேண்டும்; இடையில் ஹைட்ராக்சில் (OH), ஆக்சிஜன் அணு (O), ஹைட்ரோபெராக்சில் (OOH) ஆகிய மூன்றும் அதே உலோக அணுவின் மீது அடுத்தடுத்து அமர்கின்றன. ஹைட்ராக்சிலும் ஹைட்ரோபெராக்சிலும் ஓர் ஆக்சிஜன் வழியாகவே ஒட்டுவதால், ஒன்றின் பிணைப்பை மாற்றினால் மற்றதும் கூடவே மாறுகிறது. அவற்றின் ஆற்றல்களுக்கிடையே 2.46 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி இருந்தால் போதுமென்ற நிலையில், பெரும்பாலான பரப்புகளில் அது 3.2 அளவிலேயே நிலைத்துவிடுகிறது, விளைவாக, அந்த மிகுதி இரு படிகளில் சமமாகப் பங்கிடப்பட்டாலும், 0.37 வோல்ட் அளவுக்காவது மிகை மின்னழுத்தம் தேவைப்படுகிறது. இந்தக் கட்டை அவிழ்க்க, அருகில் இரண்டாவது உலோக அணு ஒன்றை அமர்த்தியோ, ஹைட்ரோபெராக்சிலை மட்டும் ஹைட்ரஜன் பிணைப்பால் தாங்கும் அண்டைக் குழுவை வைத்தோ முயல்கிறார்கள்.

இப்பக்கத்தில் கார்பன் தாங்கியே மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து அரிக்கப்படுவதால், நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடு போன்றவற்றின் மீது இரிடியம் அணுக்களைப் பதிக்கும் வழியும் ஆராயப்படுகிறது. எந்தத் தாங்கியானாலும், நீண்ட நேரம் இயங்கிய பின் மின்வாயை மீண்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழும் எக்ஸ் கதிரின் முன்னும் வைத்துப் பார்க்கிறார்கள். உலோகத்தோடு உலோகம் பிணைந்ததைக் காட்டும் குறிகை அப்போது தென்பட்டால், அணுக்கள் இடம்பெயர்ந்து திரளத் தொடங்கிவிட்டன என்று பொருள்; வடிவமைப்பு மறுபடியும் அண்டை அணுக்களிலிருந்து தொடங்குகிறது.